பூதத்தானின் வருத்தம்

லோக்கல் ரயிலில் ஜன்னலோர இடத்துக்காக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. மாட்டுங்காவில் ஏறினால் கடைசி ஸ்டேஷனான வி.டி. வரைக்கும் நின்றுகொண்டே போய்விடுவேன். கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும். யாராவது என் காலை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்பவன் நான்தான். நீங்கள் அனுப்பிய குற்றச்சாட்டில் என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசாரணை அதிகாரிக்கு அப்படி எழுத உரிமை உண்டு. ஆனாலும் ஒரு மனிதனைப் பற்றிய விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

நீதி இலாகாவின் பம்பாய்க் கிளையில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். தூக்குத் தண்டனை பெற்ற தமிழர் யாராவது ராஷ்டிரபதிக்குக் கருணை மனு போட விரும்பி, அவருக்கு எழுதத் தெரியாமலும் இருந்தால், நான் ஜெயிலுக்குப் போவேன். அவர் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் எழுதுவேன். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டுவேன். அவர் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். மனு தில்லிக்குப் போகும்.

ஆரம்பத்தில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். சாவு பக்கத்தில் வந்தால் மனிதன் தெளிவாகப் பேசுவான் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். அப்படியெல்லாம் இல்லை. மச்சினன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போன கதை, குழாயடித் தகராறு, போலீஸ்காரனுடைய தாயாரைப் பற்றிய அபிப்பிராயம். இதையெல்லாம் தில்லியில் யார் படிப்பார்கள்? மனுக்கள் தள்ளுபடியாகித் திரும்பி வந்தன.

ஒருநாள், மனைவியைக் கொன்ற ஒருவர் பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மௌனம் பிடிக்கும். ஜெயிலில் கிடைக்கிற மௌனம் மாட்டுங்காவில் கிடைக்காது. அந்த மௌனத்தை நான் எழுதினேன்: 'என் கைகளைப் பார்க்க எனக்கே கூசுகிறது.' அவர் அப்படிச் சொல்லவில்லைதான். சொல்லியிருக்கலாம். அவருடைய தண்டனை ஆயுளாகக் குறைந்தது.

அதற்கப்புறம் எனக்கு வழி புரிந்துவிட்டது. நீதி கொடுக்கிற ஜன்னல் வேறு, கருணை கொடுக்கிற ஜன்னல் வேறு. முதல் ஜன்னலை ஹைகோர்ட் சாத்திய பிறகுதான் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். இங்கே வந்து நின்று 'நான் செய்யவில்லை' என்பது, தபாலாபீசில் போய் ரயில் டிக்கெட் கேட்கிற மாதிரி. இங்கே செல்லுபடியாவது வருத்தம் ஒன்றுதான். அதை நான் நன்றாக எழுதினேன். மனுக்கள் பலித்தன. எங்கள் டெபுடி செகரட்டரி வாக்ளே என்னை அறைக்குக் கூப்பிட்டு, "சுந்தரராமன், உங்கள் மதராஸிகள் என்ன அழகாக வருத்தப்படுகிறார்கள். மற்ற ஆட்களுக்கு இது வரவே மாட்டேன் என்கிறதே" என்றார். குஜராத்தி மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு என்னோடு டீ குடிக்க வரவில்லை.

சென்ற வருஷம், அறுபத்துமூன்றில், பூதத்தானின் முறை வந்தது. தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவன். கள்ளச்சாராயம் காய்ச்சும் ஒருவனைக் குத்திக் கொன்றதாக வழக்கு. இரண்டு பேருக்கும் பழைய பகை இருந்தது. பார்த்ததாகச் சொன்ன சாட்சி ஒருவனும் இருந்தான். ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் அந்தச் சாட்சியை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

அவன் மனைவி மாடத்தி எப்படியோ விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஏன்னா, அந்தப் பொம்மனாட்டி மாடிப்படியிலேயே உக்காந்துண்டிருக்கா. பாவமா இருக்கு" என்றாள் என் மனைவி ராஜலக்ஷ்மி. போய்ப் பார்த்தேன்.

"சாமி, அவரு ராங்கி புடிச்ச மனுசன். யாருட்டயும் பணிஞ்சு பேசத் தெரியாது. ஏதாவது ஏடாகூடமாச் சொல்லுவாரு. நீங்கதான் பாத்து எழுதணும்" என்றாள்.

"அதுக்குத்தாம்மா நான் இருக்கேன்" என்றேன். கவனியுங்கள், பார்த்து எழுதச் சொன்னது அவள்.

ஜெயிலில் அவனைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்தார்கள். காவலுக்கு நின்ற வார்டர் மராட்டிக்காரர், தமிழ் தெரியாது.

"நான் அவனைக் குத்தலை சாமி" என்று ஆரம்பித்தான் பூதத்தான். "அன்னைக்கு நான் தாராவியிலயே இல்லை. மொதலாளி கூட உல்லாஸ்நகருக்குத் தோல் கொண்டுட்டுப் போயிருந்தேன். ஜெயினுலாப்தீன் மொதலாளிட்டக் கேளுங்க."

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லியாச்சோல்லியோ?"

"சொன்னேன். ஆரு கேட்டா?"

"இது கோர்ட்டு இல்லைப்பா. வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"செய்யாததுக்கு எதுக்கு வருத்தப்படணும்ங்கிய? நீங்க செய்யாததுக்கு நீங்க வருத்தப்படுவியளா?"

"தினமும் படறேன்" என்றேன். அது உண்மை.

அவன் சிரித்துவிட்டான். "அப்பம் எனக்கும் சேத்து நீங்களே பட்டுக்கிடுங்க."

அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். குற்றச்சாட்டில் 'மனுதாரரின் சம்மதமின்றி' என்று இருக்கிறது. அது சரியில்லை.

பிறகு எழுதினேன். குடிவெறியில் கத்தியை எடுத்துவிட்டதாக எழுதினேன். அவன் குடிக்கிறவன் இல்லை. ஆனால் மதுவிலக்குக் காலத்தில் பழியைச் சாராயத்தின் மேல் போட்டால் மேலே இருப்பவர்களுக்கு மனம் இளகும். கண் தெரியாத ஒரு தாயாரையும் வைத்தேன். செத்தவனுடைய முகம் தினமும் தண்ணீர்க் குவளையில் தெரிகிறது என்று எழுதிய இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வார்டர் வெளியே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. விதியை நான் மீறவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, அவன் என்னிடம் சொன்னதை அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். நான் குத்தவில்லை, நான் அங்கே இல்லை, முதலாளியைக் கேளுங்கள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "ஒரு சொல்லு விடாம எழுதிட்டியளே" என்றான். அப்புறம் பெருவிரலை வைத்தான்.

தில்லியிலிருந்து வந்த குறிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நீதிபதிக்கு இருந்த சந்தேகத்தை வைத்துத் தண்டனையைக் குறைக்கலாமா என்று அங்கே யோசித்திருக்கிறார்கள். இப்போது மனுதாரரே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் சந்தேகத்துக்கு இடமில்லை, மனு தள்ளுபடி. இதை என் தோல்வி என்று சொல்ல மாட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். கொஞ்சம் கூடுதலாக நம்ப வைத்துவிட்டது, அவ்வளவே.

அவனைத் தூக்கில் போட்ட பிறகு மாடத்தி மறுபடியும் வந்தாள். அழவில்லை. "கடைசியாப் பாக்கப் போனப்பம் சொன்னாரு சாமி. மாட்டுங்கா சாமி நான் சொன்னதை அப்படியே எழுதினாரு, டெல்லி வரைக்கும் போயிருக்கும்னு. என்னத்தச் செய்ய, அவங்களுக்கு மனசு வரலை. ஆனா உள்ளது என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"தெரியும்மா" என்றேன். ராஜலக்ஷ்மி உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு விதவைக்கு ஆறுதல் சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். முதலாளி ஜெயினுலாப்தீன் வாக்ளேயிடம் போய் நின்றார். வாக்ளே மனுவை எடுத்து அவருக்கு ஹிந்தியில் சொல்லியிருக்கிறார். குடிவெறி என்ற இடத்தில் ஜெயினுலாப்தீன், "யாரைப் பத்திப் படிக்கிறீங்க சாப்?" என்று கேட்டாராம். கண் தெரியாத தாயார் வந்தபோது, பூதத்தானுக்கு விவரம் தெரியும் முன்பே தாயார் செத்துவிட்டாள் என்றாராம். அப்படித்தான் இந்த விசாரணை வந்தது. என் மனுக்களை இவ்வளவு நாள் புகழ்ந்த வாக்ளே இப்போது தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். ஜெயினுலாப்தீன் சொல்வதுபோல, நான் ஜெயிலுக்குப் போவதற்கு முன்பே அவர் என்னைப் பார்த்தாரா?

பார்த்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். "அன்னைக்கு அவன் எங்கூடத்தான் இருந்தான் சார். சுங்கம் கட்டாத சரக்கு, அதான் பயந்துக்கிட்டு கோர்ட்டுல வாயைத் தொறக்கலை. இப்ப எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். என்னை உள்ளே தூக்கிப் போட்டாலும் சரி" என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இலாகாவிலிருந்து கூப்பிடுவார்கள், எங்கேயும் போகாமல் இருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஊரில் தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் ஷெட்டிலேயே காத்திருந்தாராம். நல்ல மனிதர்.

நான் ஏன் அதை மேலே சொல்லவில்லை என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் வழக்கு திரும்பக் கோர்ட்டுக்குப் போயிருக்கும். அங்கே அவனுக்கு வக்கீல் தேவை, நான் தேவையில்லை. என்னால் செய்ய முடிந்த உதவியை நான் செய்ய விரும்பினேன். அவன் குத்தவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சிரத்தையாக எழுதினேன். கொன்றவனுக்கு வருத்தம் என்றைக்காவது தானாகவே வந்துவிடும். கொல்லாதவனுக்குத்தான் என் மாதிரி ஒருவன் தேவைப்படுகிறான்.

தாய்மொழியில் எழுதலாம் என்று அனுமதி கொடுத்ததற்கு நன்றி. உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று அறிகிறேன். கிளையில் வேறு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் இது இங்கிலீஷ் ஆவதற்கு என் மேஜைக்குத்தான் வரும். ஒரு தடவை படித்துப் பார்த்தேன். வருத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. இங்கிலீஷ் ஆக்கும்போது சேர்த்துவிடுகிறேன்.