படகுக்குப் போட்ட பனியன்

படகுக்குக் கவர் போடுவது பார்ப்பதற்குத்தான் சுலபம், இன்ஸ்பெக்டர் மேடம். படகு வாங்குகிறவர்கள் யாரும் அதை யோசிப்பதில்லை.

எங்கள் முதலாளி தனபால், உடுமலைப்பேட்டைத் தோப்பில் பெரிய குட்டை வெட்டி, துணி ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டுப் பையர்களை ஏற்றிச் சுற்றுவதற்காக அந்தப் படகை வாங்கினார். கிறிஸ்துமஸை ஒட்டி பையர்கள் வரமாட்டார்கள். அதனால் மார்கழியில் படகைக் கரையேற்றிக் கட்டைகள் மேல் நிறுத்திவிட்டு, பொங்கல் கழித்துத்தான் மறுபடி இறக்குவோம். அதுவரை வெட்டவெளியில், பனியில் நிற்கும்.

நான் அவருடைய திருப்பூர் பனியன் கம்பெனியில் சாய லேபில் வேலை செய்கிறேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. "பெயின்ட்டும் கெமிஸ்ட்ரிதானுங் கண்ணு, நீயே பாத்துக்கோ" என்றார் முதலாளி. எனக்கு மறுத்துப் பேச வராது.

போன வருடம் பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்ப் படகின் அடிப்பாகம் முழுக்கச் சுற்றினேன். எங்கள் ஊரில் துடைக்க, அடைக்க, எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். மேலே தார்ப்பாய் போட்டேன். துணி பனியைக் குடித்து, ஈரத்தைப் பெயின்ட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. அவிழ்த்தபோது நீல நிறம் முழுக்கக் கொப்புளம். நடுநடுவே ரிப் துணியின் கோடுகள் அச்சாகப் பதிந்திருந்தன. காட்டன் ஈரத்தை இழுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. லேபில் நான் தினமும் அளப்பதே அதைத்தான்.

டீ நேரத்தில் செக்கிங் டேபிள் சுப்பாத்தாள் அக்கா கேட்டார். "ஏனுங்க கெமிஸ்ட்டம்மா, படகுக்கு பனியன் போட்டு உட்டீங்களாமா? சைஸ் என்னங்க, டபுள் எக்ஸெல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு டீ குடிக்கப் போவதில்லை.

இந்த வருடம் முதலாளி, "இன்னொருக்கா கொப்புளம் வந்துச்சுன்னா லேப் வேண்டாங் கண்ணு. செக்கிங்ல உக்காந்துக்கோ" என்றார். அந்த டேபிளில், மேடம்.

அதனால் சரியாகச் செய்தேன். மூங்கிலை வளைத்து, தார்ப்பாய் பெயின்ட்டில் படாமல் கூடாரம்போல் நிறுத்தினேன். கீழே காற்றுப் போக இடைவெளி விட்டேன். சனிக்கிழமைதோறும் போய்ப் பார்த்தேன்.

தோப்புக் காவலுக்கு முருகேஷ் அண்ணன் இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். குளிர் தாங்காமல் படகுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்க ஆரம்பித்திருந்தார். பக்கத்தில் விறகுத் தணல்.

"படகுக்கே போத்தி விடுதிய, தாயி. நான் மனுசன்லா?" என்றார்.

அடுத்த வாரம் ஒரு மூட்டை கொட்டாங்குச்சிக் கரி வாங்கிக் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார். விறகு எரிந்தால் நீராவி வரும். கரியில் அது அநேகமாக இல்லை. உலர்ந்த சூடு பெயின்ட்டுக்கு நல்லது. கீழ் இடைவெளியை அடைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

பையர்கள் வருவதற்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் போனேன். அந்த வாரம் முழுக்கப் பனிமூட்டம். இடைவெளி வழியாக ஈரம் ஏறி, முன்பக்கத்தில் மிளகு அளவில் ஒரு கொப்புளம் வந்திருந்தது. இன்னும் ஓர் இரவு தாங்கினால் போதும். கம்பெனி வேனில் கிடந்த வேஸ்ட்டை எடுத்து, பெயின்ட்டில் படாமல், தரையோடு இடைவெளியைச் சுற்றிலும் அடைத்தேன். தார்ப்பாயைக் கயிற்றால் இறுக்கினேன்.

மறுநாள் காலையில் முதலாளி அவிழ்த்தார். முதலில் படகைத்தான் தடவிப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். கொப்புளம் அந்த ஒன்றோடு நின்றிருந்தது. பிறகுதான் இருவரும் கீழே பார்த்தோம்.

முருகேஷ் அண்ணன் கணியூரில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் அடைக்கும்போது உள்ளே இருமல் கேட்டது. "யாரு, தாயியா?" என்றார்.

வெளியே வரச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். கொப்புளத்தைக் காட்ட வேண்டியிருக்கும். சிரிப்பார். மூடிய இடத்தில் கரித்தணல் எந்த வாயுவை விடும், அது ஆளை என்ன செய்யும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

"ஆமாங்ண்ணா. நீங்க தூங்குங்க" என்றேன்.

"நல்லா இறுக்கிக் கட்டு, தாயி. காத்து வராம" என்றார்.

கட்டினேன். அவருடைய செருப்பு வெளியே கிடந்தது. பனியில் நனைந்துவிடுமே என்று அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் கடைசி முடிச்சைப் போட்டேன். அவர்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம்.