கம்பவுண்டர் இறங்காத ஐந்து நாட்கள்

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, காப்பிப் பழம் பறிப்பதை அரை நாளோடு விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! முன்வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும், கம்பவுண்டரின் துணைவியார் சகோதரி இன்பமேரி அவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் மாதேஸ்வரன். இந்த எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன். என் ஆபீசுக்கு அடுத்த அறைதான் மருந்து கொடுக்கும் அறை. அந்த அறையில் நம் காய்ச்சலையும் காயத்தையும் பார்த்தவர் கம்பவுண்டர் மரியஅந்தோணி அவர்கள். போன வாரம் அவரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். என்னைவிட நாலு வயது இளையவர்! அவருக்கு நான் இரங்கல் சொல்வதா? இது என்ன நியாயம்?

ஆனாலும் சொல்ல வேண்டும். எட்டு வருடமாக ஒன்றை மனதில் சுமந்துகொண்டிருக்கிறேன். அதை இந்த அவையில்தான் இறக்கி வைக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாம் வருடக் கடைசி. நம் தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் இருக்கும் சென்றாயன், அருக்காணி தம்பதியின் மகள் சாந்திக்கு ஏழு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல். கம்பவுண்டர் மாத்திரை கொடுத்தார். தணிந்தது, மறுபடி வந்தது. ஒரு மாதம் கழித்துக் குழந்தையின் கால்களில் நீல நீலமாகத் தடிப்பைப் பார்த்ததும் அவரே தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடினார். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அருக்காணியைக் குழந்தையோடு விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், நேராக என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ரைட்டர், அந்த வார்டுல பதினோரு கொழந்தைங்க இருக்குதுங்க. தங்க எடமில்லாம, சோத்துக்கு வழியில்லாம பாதி வைத்தியத்துலயே ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறாங்க. நான் ஒரு மாசம் வெறும் காய்ச்சல் மாத்திரையக் கொடுத்துப்போட்டு இருந்துட்டேனுங்களே!"

அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்த மாதம் மலைக்குக் கீழிருந்து ஒரு சைக்கிள்காரர் வந்து நம் பள்ளி மைதானத்தில் மூன்று நாள் இறங்காமல் சுற்றினார். நாமெல்லாம் வேடிக்கை பார்த்தோம். கம்பவுண்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்த மனுசன் தன் வயித்துக்குச் சுத்துறாருங்க. நான் அந்தக் கொழந்தைங்களுக்குச் சுத்தக் கூடாதா? அஞ்சு நாள் சுத்தறேன்."

அவர் என்ன வீரரா? வித்தைக்காரரா? ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, மழைக்காலத்தில் இழுக்கும் மூச்சு! நான் தடுத்தேன். இன்பமேரி அவர்கள் தடுத்தார்கள். கேட்டாரா?

ஜனவரி மாதம். பகலிலும் பனி விலகாத குளிர். மறைப்புத் தட்டிக்குப் பின்னால் காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் தவிர, அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஓட்டிக்கொண்டே கஞ்சி குடித்தார். ஓட்டிக்கொண்டே கண் சொருகினார். சென்றாயன் பக்கத்தில் நடந்து தோளைத் தொட்டுத் தொட்டு எழுப்பினார். சுற்றுவட்டாரமெல்லாம் வந்தது. கொட்டச்சேடு கிராமத்திலிருந்து நடந்தே வந்து காசு கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் முற்பகல், ஆபீசுக்குச் சென்னையிலிருந்து டிரங்க் கால் வந்தது. சாந்தி இறந்துவிட்டாள்.

நான் மைதானத்துக்கு ஓடிச் சென்றாயனிடம் சொன்னேன். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய்ச் சைக்கிளோடு கூடவே நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

"சாந்தி போயிட்டாளுங்க."

கம்பவுண்டர் மிதிப்பதை மெதுவாக்கினார். "எறங்கட்டுமா சென்றாயா?"

ஒரு முழுச் சுற்று இருவரும் சேர்ந்தே போனார்கள். அப்புறம் சென்றாயன் சொன்னார்: "மத்த கொழந்தைங்க இன்னும் அங்கதான இருக்குதுங்க. நீங்க சுத்துங்கய்யா. நான் போயி எம்புள்ளையக் கொண்டாறேன்."

மறுநாள் மதியம் குழந்தையை வேனில் கொண்டுவந்தார்கள். இடுகாட்டுக்குப் போகும் பாதை மைதானத்தை ஒட்டித்தான் போகிறது. மைக்செட்டை நிறுத்தினோம். அத்தனை கூட்டத்திலும் சைக்கிள் செயின் சத்தம் மட்டும் கேட்டது. கம்பவுண்டர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். ஆனால் இறங்கவில்லை.

அப்போது ஒருவன் கத்தினான்: "எறங்குய்யா! பச்சப்புள்ள பொணம் போகுது! நீயெல்லாம் ஒரு மனுசனா?"

கத்தியவன் நான்தான். இதோ இந்த வாய்தான்!

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சுற்றினார். நான் மூட்டிய நெருப்பு லயமெல்லாம் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் முடிந்தபோது அவரைத் தூக்கி இறக்க நான்கு பேர்தான் இருந்தார்கள். முழங்கால் நிமிரவில்லை. அதன்பின் கோல் இல்லாமல் அவர் நடந்ததே இல்லை. சேர்ந்த பணத்தில் ஆஸ்பத்திரிக்கு அருகில் மலைத் தாய்மார்கள் தங்கிச் சமைக்க ஒரு வீடு பிடித்தார். ஆனால் இங்கே பல மாதம் அவரிடம் மருந்து வாங்கக்கூட ஆள் வரவில்லை.

ஒருநாள் அருக்காணி வந்து வாசலில் நின்று கேட்டார்: "எம்புள்ள போறப்ப நீங்க ஏனுங்க எறங்கல?"

"எறங்கியிருந்தா அங்கயே உழுந்திருப்பேன் தாயி. மறுபடி ஏறியிருக்க மாட்டேன். அதான் பயமாப் போச்சு."

அடுத்த மாதம் கொட்டச்சேட்டுக் குழந்தை ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுபோனபோது, அந்த வீட்டில் சமைத்துப் போட அருக்காணியும் போனார்.

இந்த எட்டு வருடத்தில் பதினெட்டுக் குழந்தைகளைக் கோலூன்றியபடி அவர் அழைத்துப் போனார். பிழைத்தவர்கள் ஏழு பேர். கூட்டிச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. பதினொரு முறை வெறுங்கையோடு இந்த மலையேறி வந்தார் அந்த மனிதர்! என் மேல் அவருக்குக் கோபம் இருந்ததா? தெரியாது. ஒருநாளும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளை கேட்கலாம், நாளை கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன். சகோதரி இன்பமேரி அவர்களே, அவரிடம் கேட்க வேண்டியதை இன்று உங்களிடம் கேட்கிறேன். என்னை மன்னியுங்கள்.

போன வாரம், பத்தொன்பதாவது குழந்தையான கரடியூர் ஜெயகுமாரியின் மகளுக்குச் சென்னையில் ஊசி போட்டுத் திரும்பும் வழியில், சேலம் ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போயிற்று. அந்தக் குழந்தைக்கு அடுத்த ஊசி இந்த வியாழக்கிழமை.

பெரியோர்களே, படத்திறப்பு உண்டு, தீர்மானம் உண்டு. எல்லாம் நடக்கட்டும். ஆனால் வியாழக்கிழமை அந்தக் குழந்தையை யார் கூட்டிப்போவது? நான் போகிறேன். எனக்கு அந்த ஆஸ்பத்திரியின் வாசல்கூடத் தெரியாது. வழி காட்ட அருக்காணி வருகிறேன் என்றிருக்கிறார். அதற்கடுத்த ஊசிக்கு ஒருவர் வேண்டும். அதற்கடுத்த ஊசிக்கும் ஒருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் என்னிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.