லோரெய்ன் சாய்ந்த பாட்டு

ஹரோல்ட்: ஒன்பதாயிரம் அடி ஆழத்துல நின்னுகினு, மேல கிளப் ஹால்ல பாடுன உங்கம்மாவை ஆட வச்சவன் நான்தான், நிக்கோல்.

துரை: ஆரம்பிச்சிட்டான். தப்பா நெனச்சிக்காதம்மா, எண்பத்தஞ்சு வயசு. காலையில மாத்திரை போடல போல.

ஹரோல்ட்: அன்னிக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துல கடைசி லெவல். டிரில்லால ஒரு குத்து குத்துனேன், பாறை வெடிச்சுது. மேல ஸ்டேஜ் ஆடுச்சு, லோரெய்ன் ஆடுனாங்க. அந்த ஸ்டெப்பை அப்புறம் லண்டனே ஆடுச்சாம்.

துரை: லண்டன்ல இருந்து உனக்குக் கடுதாசி வந்துச்சாக்கும்?

ஹரோல்ட்: வந்துச்சு. ஆபீஸ்ல கிளார்க்கு நீ. நீதான் கிழிச்சிப் போட்டிருப்பே.

நிக்கோல்: அங்கிள், ப்ளீஸ்... போனைப் பாருங்க. அறுபத்தொண்ணுல எங்கப்பா எடுத்த படம். ரெண்டாவது பாட்டு... இதோ, அம்மா சாயுறாங்க. மைக் ஸ்டாண்டைப் பிடிக்கிறாங்க. நிமிந்து, விட்ட வரியில இருந்து பாடுறாங்க. யூடியூப்ல போட்டேன். கீழ கமெண்ட்ல அத்தனை பேரும் எழுதறது ஒண்ணுதான், செம போதைன்னு.

துரை: கண்ணுல பட்டதைச் சொல்றாங்க.

ஹரோல்ட்: கேமராவும்தான் ஆடுது.

துரை: கேமராக்காரனும் ஊத்திகினு வந்திருப்பான்.

நிக்கோல்: அது எங்கப்பா.

துரை: ...சாரிம்மா.

நிக்கோல்: அதுக்கப்புறம் ஒரு ஓட்டல்லயும் அம்மாவைப் பாடக் கூப்பிடல. கே.ஜி.எஃப். கதையைக் கேள்விப்பட்டோம்னு சொல்லிக் கதவைச் சாத்தினாங்களாம். கால் கீழ தரை நகந்துச்சுன்னு சாகுற வரைக்கும் சொன்னாங்க. அப்பாவும் அதையே சொன்னாரு. சேந்து கட்டுன கதைன்னு நெனச்சேன்... நானே நம்பல, அங்கிள்.

ஹரோல்ட்: இங்கயே பொறந்தவங்களுக்கு ராக் பர்ஸ்ட்டுன்னா தும்மல் மாதிரிம்மா. கீழ பாறை வெடிக்கும், மேல வீடு குலுங்கும். நாங்க தட்டைக் கையால பிடிச்சிகினு சாப்பிடுவோம். வெளியூர்காரங்கதான் பதறுவாங்க.

நிக்கோல்: அதான் ஹால்ல யாரும் கண்டுக்கலையா?

ஹரோல்ட்: பேண்ட் செட்டும் நம்ம ஊரு பசங்க, வாசிச்சிகினே இருந்திருப்பானுங்க. உங்கப்பா அம்மாவை விட்டா, அன்னிக்கு அங்க வெளியூர்காரன் ஒருத்தன்தான். வேலூர்ல இருந்து வேலைக்கு வந்து மூணு மாசம்...

துரை: ஏய், இன்னாடா, வாயை மூடு.

ஹரோல்ட்: நான் பேரு சொன்னேனா?

துரை: முன்வரிசையில உக்காந்திருந்தவன் நான்மா. இவன் பொந்துக்குள்ள இருந்தவன். ஒண்ணும் ஆடல.

நிக்கோல்: படம் இன்னும் பத்து செகண்ட் இருக்கு...

ஹரோல்ட்: வேணாம்மா, அங்கயே நிறுத்து. உள்ள இவன் சம்சாரம் ஜெயசீலி டீ போடுறா. அவளுக்குக் கண்ணும் காதும் இன்னும் நல்லா கீது.

துரை: நீ... பாத்துட்டியாடா?

ஹரோல்ட்: நேத்தே. நாலு தடவை.

நிக்கோல்: எனக்குத் தெரிஞ்சு அந்த ஹால்ல இருந்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, துரை அங்கிள். அம்மா குடிச்சிருந்தாங்களா? ஆமான்னாலும் பரவால்ல. சொல்லிடுங்க, போயிடறேன்.

துரை: ஓட்டும்மா. மீதியையும் ஓட்டு. அதோ, நாற்காலியைத் தள்ளிகினு ஓடுறான் பாரு, அது நான். தரையில உக்காந்திருக்கறது ஜெயசீலி. எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த பொண்ணு. நான் தள்ளுன தள்ளுல விழுந்தா. பாட்டுக்காரி போதையில விழப்போனா, பிடிக்க ஓடுனேன்னு அவகிட்ட சொன்னேன். மறுநாள் ஆபீஸ் பூரா சொன்னேன். பிடிக்க ஓடுறவன் ஸ்டேஜ் பக்கம்தானே ஓடணும்... நான் வாசலுக்கு ஓடுறேன், பாரு. உங்கம்மா குடிக்கலம்மா. தரை ஆடுச்சு.