மூன்றாவது கேன்

– ஒழுகுது அத்தான். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. மூடியைச் சுத்தி ஈரம் தெரியுதா, இல்ல அதையும் நான்தான் கண்ணாடி போட்டுவிட்டுக் காட்டணுமா?

– இதுக்குப் பேரு ஒழுகலா? ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல கிடந்த கேன், வெளிய வந்தா வேர்க்காதா? படிச்சவதானே நீ?

– வேர்வை நீலக் கலர்ல வராது அத்தான். உள்ள ஊத்தக் கொடுத்த, ஃப்ரீசர்லயும் உறையாத மருந்துத் தண்ணியில சாயம் கலந்து வெச்சதே உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான்.

– சரி, ஒரு சொட்டு வந்திருக்கு. ஒரே ஒரு சொட்டு! அதுக்குப் போயி இந்த ஆர்ப்பாட்டமா?

– கப்பல்ல போகப்போறது சாயத்தண்ணி இல்ல, ஆசிட். பக்கத்துல யாரு சரக்கு இருக்கு, எவன் படுத்துத் தூங்குறான்னு அந்தச் சொட்டுக்குத் தெரியுமா?

– ஒண்ணு கேக்குறேன் தாயே. கேனை ஆள் உயரத்துக்குத் தூக்கி, மூலை கீழ வர்ற மாதிரிப் பார்த்து வெச்சு, இரும்புத் தகட்டு மேல தொப்புன்னு போடுறதுக்குன்னே கப்பல்ல ஒருத்தன் சம்பளம் வாங்குறானா, உன்ன மாதிரி?

– துறைமுகத்துப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பாருங்க. அங்க என்னைவிட அழகாப் போடுவாங்க. மெஷின்கூட வேணாம் அவங்களுக்கு.

– வாய் மட்டும் இல்லைன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்.

– போயிருந்தாலும் திருப்பிக் கொண்டாந்து விட்டிருக்கும். விஷயத்துக்கு வாங்க. மூணு கேன் போட்டேன். ரெண்டு தாங்கிச்சு, மூணாவது ஒழுகிருச்சு. ஒண்ணு ஒழுகினாலும் மொத்தமும் ஃபெயில். சர்டிபிகேட் கிடையாது.

– அதாவது, மூணு புள்ளைங்கள்ல ஒருத்தன் ஃபெயிலானா பள்ளிக்கூடத்தையே இடிச்சிருவ.

– அந்தப் புள்ள வயித்துல ஆசிட் இருந்தா இடிச்சிருவேன்.

– அடியே, உன் தங்கச்சி பேசுறதைக் கேட்டியா? வந்ததுலேர்ந்து அந்த நாற்காலியில பொம்மையாட்டம் உக்காந்திருக்கியே, நீ நாலு வார்த்தை சொல்லேன்.

– நான் என்னத்தச் சொல்ல? நீங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டாத்தானே நான் பேசறதுக்கு.

– அக்காவை எதுக்கு இழுக்குறீங்க? போர்டுல முதலாளியம்மான்னு பேரு, செய்யிறது ஆசிட் ரொப்புற ஷெட்ல கூலி வேலை.

– ஆள் கிடைக்கலைன்னா வீட்டு மனுஷிதான் கைகொடுக்கணும். எல்லாருக்கும் உன்ன மாதிரி ஏசி ரூம் அமையுமா? இதைக் கேளு. பழைய சர்டிபிகேட் இந்த வாரத்தோட முடியுது. புதுசு இல்லாம ஒரு கேன்கூட கப்பல் ஏறாது. ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா கம்பெனியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். உங்க அக்கா சோறும் அதுலதான் இருக்கு. அதையாவது நெனச்சுப் பாரு.

– நெனச்சுப் பார்த்தாலும் ஒழுகினதை ஒழுகலைன்னு எழுத என் கைக்கு வராது.

– வராதும்மா, எப்படி வரும்? உனக்குத்தான் ஆரம்பத்துலேர்ந்தே என்னைக் கண்டா ஆகாதே. கல்யாணத்தன்னிக்கே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சவதானே!

– அன்னிக்கு என்கிட்ட இந்த மெஷின் இல்ல. இருந்திருந்தா மாப்பிள்ளையையும் ஒரு தடவை மேலேர்ந்து போட்டுப் பார்த்துட்டுத்தான் அக்காவைக் கொடுக்க விட்டிருப்பேன்.

– வந்திருச்சு பாரு, மனசுல இருக்கறது வெளிய வந்திருச்சு! இப்ப நான் நேராவே சொல்றேன். அந்த மூணாவது கேன் மூடியை நீதான் தளர்த்தி விட்டிருக்க.

– என்ன சொன்னீங்க?

– காது கேக்கலியா? மூணையும் நேத்து நானே ஸ்பானர் போட்டு முடுக்கினேன். நான் முடுக்கின மூடியைத் திறக்க ரெண்டு ஆம்பளை வேணும்.

– நாக்கை அடக்கிப் பேசுங்க அத்தான். சொந்தக்காரர் சரக்குங்கறதுனாலயே உங்க கேனை நான் விரலாலகூட தொடுறதில்ல. ரொப்பறது, மூடுறது எல்லாம் பார்ட்டியோட வேலை. மத்தவங்க செய்யும்போது பக்கத்துல நின்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பேன். நீங்க வந்தா மட்டும், மூடி முடிக்கிற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள காலே வைக்க மாட்டேன். நாளைக்கு ஒருத்தரும் மச்சினிச்சி கூட இருந்து முடிச்சுக் கொடுத்தான்னு பேசக் கூடாது பாருங்க. போன தடவையும் அப்படித்தான்.

– பெரிய யோக்கியம்! அப்ப பேய் வந்து தளர்த்திச்சா?

– பேய் எதுக்கு? பிளாஸ்டிக்கை மிச்சம் புடிச்சு மூடி செய்யிற உங்க லட்சணமே போதும்.

– என் மூடியைக் குத்தம் சொல்லாத! குத்தமிருந்தா மூணுமில்ல ஒழுகியிருக்கணும்? உன்னைத் தவிர இங்க வேற யாரு இருந்தா?

– நான் இருந்தேன்.

– நீ சும்மா இரு.

– இத்தனை வருஷம் சும்மாத்தான் இருந்தேன். நேத்து நீங்க போன் பேச வெளிய போனீங்கல்ல? அப்ப மூணாவது கேன் மூடியைக் கழட்டி, நான் திருப்பி மூடினேன். அதைக் கழட்டுறதுக்குள்ள உசுரு போயிருச்சு. உங்க ஸ்பானராலதான் கழட்டினேன்.

– அடிப்பாவி! சொந்தக் கம்பெனிக்கே உலை வெச்சியா?

– அக்கா, என்ன காரியம்க்கா பண்ணியிருக்க! வேணும்னு தளர்த்தி வெச்ச கேனுக்கு நான் ஃபெயில் போட முடியாது. இந்த டெஸ்டே செல்லாது.

– செல்லாது! கேட்டுக்கோ, உன் தங்கச்சியே சொல்லிட்டா. புதுசா மூணு கேன் எடுங்க, நான் முடுக்கித் தர்றேன். ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சா நாளைக்குள்ள முடிஞ்சிரும்.

– நான் தளர்த்தலடி. இருக்கற பலம் பூரா போட்டுத்தான் இறுக்கினேன். ஷெட்ல தினமும் எப்படி மூடுறோமோ அப்படியேதான். இந்தா, உள்ளங்கையைப் பாரு.

– ஸ்பானர்?

– ஷெட்ல ஏதுடி ஸ்பானர்? அது இங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் இவரு பையில வரும். அங்க எல்லாம் பொம்பளைங்க வெறுங்கைதான்.

– அத்தான்?

– என்ன அத்தான்? ஒவ்வொரு மூடிக்கும் ஸ்பானர் தேடிக்கிட்டு நின்னா லாரி எப்பக் கிளம்புறது? கையால மூடினாப் போதும். இத்தனை நாள்ல ஏதாவது ஆச்சா?

– ஆகலியா? போன மாசம் சரக்கு ஏத்துறப்ப டிரைவர் தம்பிக்குக் கால் வெந்து போச்சே, அதுக்கு என்ன சொன்னீங்க? அவன் செருப்பு சரியில்லைன்னீங்க.

– ஏக்கா, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன அன்னியமா?

– சொன்னா நம்பியிருப்பியா? புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு நெனச்சிருப்ப. அதான் நீ நம்புற மாதிரி, உன் மெஷின்லயே ஏத்திக் காட்டினேன்.

– அப்ப போன தடவை நான் பாஸ் போட்டது?

– மூணையும் இவருதான் முடுக்கினாரு. நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்ன. அந்த சர்டிபிகேட்டை ஷெட்ல சட்டம் போட்டு மாட்டியிருக்காரு. மூடி நிக்கலைன்னு எவளாவது வாயைத் திறந்தா, உன் கையெழுத்தைக் காட்டித்தான்டி அடக்குறாரு.