மடுவில் கொடுத்த கடிதங்கள்

பழைய சஞ்சிகைகளைக் கறையான் தொடாமல் வைத்திருப்பது பெரிய வித்தையில்லை, சுவாமி. காய்ந்த வேப்பிலையும் அடிக்கடி திறந்து பார்க்கிற கையும் இருந்தால் போதும். முப்பது வருடம் பாடசாலை நூலகத்தைப் பார்த்தவள் சொல்கிறேன்.

நான் சொல்லவரும் சஞ்சிகை 1962ஆம் ஆண்டையது. பிரான்ஸ் நாட்டின் கலை, பண்பாடு, பயணம் பற்றி ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் பள்ளிமுனைக் கோவிலில் முன்னொரு காலம் இருந்த வெள்ளைக்காரச் சுவாமி ஒருவர் விட்டுப்போனது. வாசிகசாலையைத் துப்புரவாக்கியபோது குப்பையில் போட இருந்தார்கள். நான் கேட்டு வாங்கினேன். களவெடுக்கவில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள் என்பதால் இதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி றொட்னி 2007இல் பிரான்சுக்குப் போனான். அவன் மனைவி டினோஜா அடுத்த வருடம் அடம்பனில் இருந்த தாயைப் பார்க்கப் போய், சண்டைக்குள் அகப்பட்டு, சனத்தோடு சனமாக முல்லைத்தீவுப் பக்கம் இழுபட்டுப் போனாள். 2009இல் அவள் செல்லடியில் செத்ததைத் தன் கண்ணால் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். நான் றொட்னிக்குச் சொன்னேன். அப்போது அது பொய்யில்லை.

எட்டு மாதம் கழித்து டினோஜா முகாமிலிருந்து ஒரு பையோடு வந்து படலையைத் தட்டினாள். தாயும் போய்விட்டாள், எங்கள் வீட்டைவிட்டால் அவளுக்குப் போக்கிடமில்லை. அன்று மாலை அவளே சொதி வைத்தாள். அப்பா செத்தபிறகு அந்த வீட்டில் ஒருவர் எனக்குச் சாப்பாடு போட்டுத் தந்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது. றொட்னிக்கு நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போன் எடுத்தான். இப்போதுதான் குளிசை போடாமல் நித்திரை வருகிறது என்றான். ஆறுகிற புண்ணை ஏன் கிளறுவான்? சொன்னால் அவளைத் தன்னிடம் கூப்பிட்டும் விடுவான். டினோஜாவிடம், "சொல்லிப்போட்டன், பிள்ளை. நீ உயிரோட இருக்கிறாய் எண்டதும் குழறி அழுதவன்" என்றேன். ஊராருக்கும் அதையே சொன்னேன். அதில் பெரிய பொய் ஒன்றுமில்லை. சொல்லியிருந்தால் அழுதுதான் இருப்பான்.

அவனோடு போனில் பேசக் கேட்டாள். "அவனுக்கு விசா இல்லை. போனைப் பொலிஸ் ஒட்டுக்கேக்கும். நீ கதைச்சால் அவனைப் பிடிச்சுப்போடுவாங்கள்" என்றேன். வேறெங்கும் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு போன் கதைத்ததற்காகக் கொண்டுபோன ஆள் திரும்பி வராததை மன்னாரில் கண்டவள் அவள்; மறுபேச்சுப் பேசவில்லை. றொட்னியோ துக்கம் விசாரிக்கும் சனத்துக்குப் பயந்து, தமிழரே இல்லாத ஒரு கடற்கரை ஊரில் மீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். ஊரில் என்னோடு மட்டும்தான் பேசினான். நான் முதல் பூசைக்குப் போய்விடுவேன். டினோஜா இரண்டாம் பூசையில் பாடகர் குழுவோடு நிற்கும் நேரத்தை அவனுக்கு ஒதுக்கியிருந்தேன்.

அவளுக்கும் ஒரு ஆறுதல் வேண்டும்தானே. ஆவணியில் மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் பிரான்சிலிருந்து எங்கள் சனம் வரும். வருகிறவர்கள் கையில் கடிதமும் பொதியும் கொடுத்தனுப்புவது வழமை. ஆகவே வருடத்துக்கு ஒரு கடிதம், மடுவில் வைத்து. "பிரான்சால வந்த ஆரோ தந்திட்டுப் போகினம்" என்று நீட்டுவேன். கூடவே மன்னார் பஜாரில் நிப்ராஸின் கடையில் வாங்கிய வாசனைச் சவர்க்காரம், விலைத்துண்டை உரித்துவிட்டு. றொட்னிக்கு அ, ஆ பழக்கியது நான். அவன் கையெழுத்துக்காகச் சிரமப்படவில்லை. அதே மடுவில் வருடாவருடம் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். இதைச் சொல்லவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பிரான்சைப் பற்றி அவன் எனக்குச் சொன்னதெல்லாம் மழையும் மீனும்தான். அதை வைத்து ஒரு பெண்ணை எப்படிச் சந்தோசப்படுத்துவது? சஞ்சிகை கைகொடுத்தது. முதல் வருடக் கடிதத்தில் அவன் பாரிசின் நடுவே பெரிய சந்தையில் மரக்கறி மூட்டை சுமந்தான். அடுத்த வருடம் ஆற்றங்கரையில் பழைய புத்தகம் விற்பவர்களைக் கண்டான். பிறகு திராட்சைத் தோட்டங்கள், கோட்டைகள், ஓரடி உயரத்துக்கு வெள்ளை லேஸ் தொப்பி வைத்த மீனவப் பெண்கள். டினோஜா எல்லாவற்றையும் வரிவரியாக மனப்பாடம் செய்தாள். ஒருமுறை, "மச்சாள், அங்க ஒரு வீட்டிலயும் ரீவி இல்லையோ?" என்று கேட்டாள். அவனுக்கு அது பிடிக்காது என்றேன்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதான வருடம், பதில் கடிதத்தை என்னிடம் தரும்போது கையை விடவில்லை. "மச்சாள், பிள்ளை எண்டு ஒண்டு வேணுமெண்டால் இனியும் பிந்தேலாது எண்டு எழுதியிருக்கிறன். இது கட்டாயம் அவரிட்டச் சேரவேணும். ஆரிட்டையாவது சொல்லிக் குடுங்கோ."

சேர்த்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் எழுதிய பதினைந்து பதில்களையும் ஒன்றுகூடக் கசங்காமல் சஞ்சிகைக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த ஆவணியில், ஆற்றின் பாதியோடு நின்றுபோன ஒரு பழைய பாலத்தைப் பற்றி நல்ல நீளமாக எழுதிக் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். பிள்ளைப் பேச்சைப் பிறகு எடுக்கவில்லை.

இந்த வருடம் சஞ்சிகையில் மிஞ்சியது பின்னட்டை மட்டும். ஒரு சென்ற் போத்தலின் விளம்பரம். அதை வைத்தும் எப்படியோ ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டுதான் மடுவுக்குப் போனேன். கொடுக்க வாய்க்கவில்லை.

அன்று பூசை வைத்தது நீங்கள். பூசைக் கருத்துகளை ஒலிபெருக்கியில் வாசித்தீர்கள். "பிரான்சிலிருந்து வந்திருக்கும் பள்ளிமுனை றொட்னி, தனது மனைவி டினோஜாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." உங்களில் பிழையில்லை, எழுதிக் கொடுத்ததை வாசித்தீர்கள். அவனில்தான் பிழை. வருகிறேன் என்று எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

டினோஜா என் பக்கத்தில் பாயில் இருந்தாள். செத்தவர்களுக்குக் கேட்கும் இளைப்பாற்றி தன் பெயருக்கு என்பது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "மச்சாள், அவர் வந்திட்டார்" என்றாள். செருப்பும் போடாமல் சனத்துக்குள்ளால் ஓடினாள்.

நான் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது றொட்னி மணலில் குந்தியிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்ப்பதும் கண்ணைப் பொத்துவதுமாக இருந்தான். அவள் அவன் முகத்தைத் தடவி, "ஏனப்பா இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் மெல்ல ஏதோ சொன்னான். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, ஏன் சொல்லேல்ல?" என்றான் றொட்னி.

"இவ்வளவு வருசத்தில ஒருநாளாவது, அவள் உயிரோட இருக்கிறாளோ எண்டு நீ என்னைக் கேட்டனியோ?" என்றேன். அவன் கேட்டதேயில்லை.

சரி, நீங்கள் விரும்பியபடி எழுதுகிறேன். அவள் உயிரோடிருப்பதை மறைத்தது நான். கடிதங்களை எழுதியது நான். அவள் போனால் எனக்கு ஒருவரும் இல்லை என்பதற்காகச் செய்தேன். அவளை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை, கைநீட்டி அடித்ததில்லை. சொந்தப் பிள்ளையைப்போல வைத்திருந்தேன்.

அன்று மாலையே இருவரும் பஸ் ஏறினார்கள். எங்கே என்று சொல்லவில்லை. இன்றோடு ஒன்பது நாள். போன் எடுத்தால் பதில் இல்லை. இன்ன இடத்தில் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று இரண்டு வரி எழுதிப்போட எவ்வளவு நேரம் செல்லும்? ஒரு மனுசியை ஒரு செய்தியும் இல்லாமல் இப்படிக் காக்கவைப்பது பாவமில்லையா, சுவாமி?