எண்பத்தாறு பேர்

— கேக்குறேன்னு கோச்சுக்காத அண்ணி. மூடிப்போன மில்லு வாசல்ல பந்தலப் போட்டு உக்காந்துக்கினு, ஓடிக்கினு இருக்குற சோப்புக் கம்பெனிகிட்ட நியாயம் கேட்டா வெளங்குமா?

— அங்கதாண்டி போலீஸ் பர்மிஷன் குடுக்குது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல கம்பெனி கேட்டாண்ட உக்காரலாம்னு போனா, நூறு மீட்டர் தள்ளிப் போன்னு கோர்ட்டு ஆர்டர நீட்டுறான். நூறு மீட்டர் தள்ளுனா குப்ப கொட்டுற எடம். அந்தக் காரப்பொடி மீன இப்படித் தள்ளு அபி, நான் ஆயறேன். ஒனக்குத் தல கிள்ளத் தெரியல, பாதி மீனு குப்பைக்குப் போவுது.

— நீ சும்மா உக்காரு. பதினோரு நாளா வெயில்ல கெடந்து மூஞ்சியே கருகிப் போச்சு. ஞாயித்துக்கெழம ஒரு நாளாவது வீட்டுல இரு.

— மூஞ்சி எங்க கருகுது, மாஸ்க்கு போட்டுக்கினுதான உக்காந்திருக்கோம். கம்பெனி குடுத்த தொப்பி, கம்பெனி குடுத்த மாஸ்க்கு. எதிர்ல ஒருத்தன் பைக்க நிறுத்திட்டு, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் செல்லுல வீடியோ எடுக்குறான். எடுத்துக்கடா, எல்லாருக்கும் ஒரே மாதிரி கண்ணுதான்னு எங்க லைன் சின்னப்பொண்ணு அவன் கிட்டயே போயி சொல்லிட்டு வந்தா.

— பிராக்டிகலா பேசு அண்ணி. இதுனால என்ன ஆச்சு? லைன் ஓடுது. வெளியூருல இருந்து அம்பது பசங்கள எறக்கி ஷெட்டுல படுக்க வச்சிருக்காங்க. ஒங்க சங்கத்து செம்மல் தோழரு பதினோரு மணிக்கு வர்றாரு, மைக்க புடிக்கிறாரு, போட்டோ எடுத்ததும் போயிடுறாரு.

— வேற யாருடி வர்றா எங்களுக்கு? அவராவது வர்றாரு.

— புதன்கெழம உண்ணாவிரதத்துக்கு ஒரு தலைவரு வந்தாரே, அவரும்தான் வந்தாரு. கார்ல தோச தின்னுட்டு கையத் தொடச்சிக்கினே எறங்குனாராம். நீங்களும் மால போட்டீங்க.

— போட்டேன். குனியறாரு, வாயில சட்னி வாசன. போட்டுட்டு பின்னால போயித் துப்பிட்டு வந்தேன். அதுக்குன்னு போராட்டமே தப்புன்னு ஆயிடுமா?

— தப்புன்னு சொல்லல. அருவருப்பா இருக்குதுன்னு சொல்றேன். அண்ணன் உக்காரலயா? மில்லு மூடுனப்ப அதே எடத்துல எத்தன மாசம் உக்காந்திச்சு? கோஷம் போட்டுத் தொண்ட கட்டி, வீட்டுக்கு வந்து சைகைலதான் சோறு கேக்கும். இப்ப ஏடிஎம் வாசல்ல ஸ்டூலு போட்டு உக்காந்திருக்கு. உக்காந்த பழக்கம் மட்டுந்தான் மிச்சம்.

— ஒங்கண்ணன அப்படிப் பேசாத.

— என் அண்ணன், நான் பேசுவேன்.

— அவரு உக்காந்ததுனால மில்லு மூடல அபி. முதலாளிங்க தின்னு தீத்ததுனால மூடுச்சு. அத மாத்திப் பேசாத. சரி, இதச் சொல்லு. ஒரு லைனுக்கு எத்தன பொம்பளைங்க?

— நாப்பது.

— ஒண்ணுக்குப் போவ எத்தன டோக்கன்?

— எனக்குத் தெரியாதா?

— தெரியும்ல, சொல்லு.

— ஒண்ணு.

— ஒண்ணு. மரக்கட்டையில ஓட்ட போட்டு கயிறு கட்டி, மாட்டுக்கு மாட்டுற மாதிரி கழுத்துல மாட்டிக்கினு போவணும். ஒருத்தி போயி வந்தாதான் அடுத்தவ. எங்க லைன்ல சோப்பு அடுக்குற ஆயம்மாவுக்கு சக்கர வியாதி. அன்னிக்கு அவ கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு, நின்ன எடத்துலயே போயிட்டா. பேரன் பேத்தி எடுத்தவ. பெல்ட்டாண்ட நின்னுக்கினு பொடவைய வச்சே தொடைக்கிறா. நான் லைன நிறுத்துனேன். அதுக்கு அந்த சூப்பர்வைசரு என்ன பண்ணான் தெரியுமா?

— தெரியும்.

— என்ன தெரியும்?

— லைன் நின்ன பதினாலு நிமிஷத்த ஆயம்மா சம்பளத்துல புடிச்சாங்க. டைம் ஆபீசுல நாந்தான அண்ணி என்ட்ரி போட்டேன்.

— நீயா?

— குடுத்தா போடணும். போடலன்னா வேற ஒருத்தி போடுவா.

— த்தூ.

— துப்பிக்கோ.

— ஒன்னத் துப்பல. இல்ல, ஒன்னையும் சேத்துதான் துப்புறேன். அதே மாசம் வைத்திக்குப்பத்துல கடலோரமா கம்பெனி பேரப் போட்டு கக்கூஸ் கட்டி ரிப்பன் வெட்டுனாங்க. எங்களப் பஸ்ல ஏத்திக்கினு போயி கை தட்ட வச்சாங்க. சுத்தம் பெண்களின் உரிமைன்னு அந்தம்மா மைக்குல பேசுது, முதலாளி பொண்டாட்டி. ஆயம்மா என் பக்கத்துல நின்னுக்கினு கை தட்டுறா. அத நெனச்சா இப்பவும் தின்ன சோறு மேல வருது.

— எனக்கு மட்டும் வரலயா? ஆனா சோறு வேணும்ல. ஒம் பொண்ணு கார்குழலி நர்சிங் ரெண்டாவது வருஷம். அதப் படிக்க வெக்கறது ஒன் சம்பளமும் என் சம்பளமும். அண்ணன் கொண்டாறது அதுக்கு மாத்திரைக்கே சரியாப் போவுது.

— அந்தக் கம்பெனில எனக்கு எத்தன வருஷம்னு நெனக்கிற?

— பன்னண்டு.

— தப்பு. எட்டு மாசம். வருஷா வருஷம் காண்ட்ராக்ட்டு பேர மாத்தி, புதுசா சேந்த மாதிரி எழுதிக்கிறாங்க. நீ எழுதற பேப்பர்தான அதுவும். பன்னண்டு வருஷம் சோப்ப அடுக்கி அடுக்கி வெரல்ல ரேகையே இல்ல எனக்கு, ரேஷன் கடை மிஷின்ல கை வெச்சா எடுக்க மாட்டேங்குது. முதலாளி மவன் கல்யாணத்துக்கு பிளேன்ல பூ வந்துச்சு. எங்களுக்கு தீவாளிக்கு ஓரம் ஒடைஞ்ச சோப்பு ஒரு பை. நாங்க என்ன கேட்டோம்? அவன் பிளேன கேட்டோமா? பர்மனென்ட்டு பண்ணு, இன்னொரு டோக்கன் குடுன்னு கேட்டோம்.

— கேட்டது தப்பே இல்ல அண்ணி.

— பின்ன என்னாதான் உன் ரோதன? காலைல இருந்து நானும் பாக்குறேன், மீனையும் ஆய விட மாட்டேங்குற, என்னையும் எழுந்துக்க விட மாட்டேங்குற.

— நாளைக்குப் பந்தலுக்குப் போவாத.

— ஏன்?

— போவாதன்னா போவாத.

— அபி, தலைய நிமிந்து என்னப் பாத்து சொல்லு.

— காலைல ஆறு மணிக்கு கேட்டுல நோட்டீஸ் ஒட்டுவாங்க. நேத்து நான்தான் டைப் பண்ணேன். வேலைக்கு வராத முந்நூறு பேருல, வீட்டுல இருந்தவங்க எல்லாரும் வந்து சேந்துக்கலாம். பந்தல்ல உக்காந்தவங்கள மட்டும் எடுத்துட்டாங்க. எம்பத்தாறு பேரு. அவங்களச் சேத்துக்காதீங்கன்னு எஸ்டேட்டுல இருக்குற மத்த கம்பெனிக்கெல்லாம் மெயிலும் போயிடுச்சு.

— எம்பத்தாறா?

— ஆமா.

— யாரு பந்தல்ல, யாரு வீட்டுலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் மாஸ்க்கு போட்டுதான இருந்தோம்.

— தெரிஞ்சிக்கினாங்க.

— மொதப் பேரு என்ன?

— வேணாம் அண்ணி.

— டைப் பண்ணவளுக்குத் தெரியாதா? மொதப் பேரு என்னடி?

— ஆயம்மா.

— ரெண்டாவது?

— முத்தியால்பேட்ட சின்னப்பொண்ணு. மூணாவது வைத்திக்குப்பம் சின்னப்பொண்ணு. நாலாவது அறிவுமதி.

— கம்பெனி ரிக்கார்டுல எந்தச் சின்னப்பொண்ணுக்கும் ஊரு பேரு கெடையாது. நம்பருதான். ஊரப் போட்டு எழுதுனது நானு. அது என் நோட்டு அபி. நான் பந்தல்ல கையெழுத்து வாங்குன நோட்டு.

— ஆமா.

— ஐயோ.

— முதலாளிய எதுக்கப் போன எடத்துலயும் அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கீங்க அண்ணி. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அரை நாளு வந்தவளுக்கு அரைன்னு செவப்பு இங்க்குல. எந்த ஊருலயாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா?

— எனக்கு வேற என்ன தெரியும்? பன்னண்டு வருஷமா லைன் லீடரு. எட்டு மணி ஆனா கை தானா நோட்டத் தேடுது. போன போராட்டத்துல உக்காராதவளுங்க எல்லாம் கடைசி நாளு வந்து முன்னாடி நின்னுக்கினாளுங்க. இந்தத் தடவ நாம ஜெயிச்சா, யாரு வெயில்ல கெடந்தாங்கன்னு எழுத்துல இருக்கணும்னு நெனச்சேன். ஆயம்மா எவ்ளோ ஆசையா போட்டா தெரியுமா? அவளுக்கு எழுதத் தெரிஞ்சது அந்த நாலு எழுத்துதான். தெனமும் மொதல்ல வந்து மொதல்ல போடுவா.

— அழுவாத அண்ணி. கையெல்லாம் மீனு.

— அந்த செம்மல். வியாழக்கெழம லேபர் ஆபீசுல காட்டணும்னு வாங்கிக்கினு போனான். சாயங்காலம் திருப்பிக் குடுக்குறப்ப அட்டையில டீ கறை. யாரு கூட ஒக்காந்து டீ குடிச்சான்னு அப்பவே கேட்டிருக்கணும். எங்க மூத்தரத்த வித்து டீ குடிச்சிருக்கான்.

— அண்ணி.

— நீ சொன்னது சரிதான். எல்லாம் வேசம். தோழரு தோழருன்னு வாய் நெறைய கூப்ட்டனே. செல்ல எடு. எம்பத்தாறு பேருக்கும் சொல்றேன். எல்லாரும் அவன் வீட்டு வாசலுக்கு வரட்டும். தொடப்பத்தோட வரட்டும்.

— வேணாம். பாவம், அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க.

— பாவமா? இவ்ளோ நேரம் அந்தாளக் கழுவி ஊத்துனவ நீதான?

— அது வேற.

— என்ன வேற? சரி, என் பேரு எத்தனாவது?

— இல்ல.

— என்ன இல்ல?

— ஒம் பேரு லிஸ்ட்டுல இல்ல. நோட்டுல நீ ஒரு நாள் கூட கையெழுத்துப் போடல.

— லைன் லீடரு லைன் நோட்டுல போடறது வழக்கமில்லயே. எனக்கு சூப்பர்வைசரு நோட்டு. அந்த நெனப்புலயே விட்டுட்டேன். நோட்டு புடிக்கிறவ பேரு நோட்டுல எங்கடி இருக்கும்?

— அதான். பந்தல்ல நோட்டு எழுதுனது நீதான்னு அவங்களுக்குத் தெரியாது. ஒனக்கு டெங்குன்னு மொத நாளே நான் லீவு போட்டு வெச்சுட்டேன். டாக்டரு சீட்டு கூட வாங்கி ஃபைல்ல சொருகிட்டேன். நாளைக்கு ஒனக்கு மொத ஷிப்ட்டு. கொஞ்சம் எளைச்ச மாதிரி நடந்து வா, போதும்.

— நீ என்ன பேசறன்னு ஒனக்குத் தெரியுதா?

— தெரிஞ்சுதான் பேசறேன்.

— நாளைக்கு எம்பத்தாறு பேரும் கேட்டுக்கு வெளில நிப்பாளுங்க. நோட்டு எழுதுனவ மட்டும் கார்டத் தேச்சுக்கினு உள்ள போவா. அவளுங்க என்ன நெனப்பாளுங்க? நான் வித்துட்டேன்னுதான் நெனப்பாளுங்க. அவளுங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன். ஆயம்மா என் மூஞ்சில துப்புவா. தொடச்சிக்கக் கூட எனக்கு யோக்கியத இருக்காது.

— ரெண்டு நாளு பேசுவாங்க. அப்புறம் அவங்கவங்க பொழப்பு.

— எந்தப் பொழப்பு? எஸ்டேட்டுக்கே மெயிலு போயிடுச்சுன்னு நீதான சொன்ன? எட்டு வயசுல ஒனக்குப் பேன் பாத்து சட பின்னி வுட்டவடி நானு. ஒனக்கு வேல குடுங்கன்னு அந்த மேனேஜரு காருக்கு முன்னாடி கைய கட்டிக்கினு நின்னேன். நல்ல எடத்துலதான் கொண்டாந்து வுட்டிருக்கேன்.

— கைய கட்டிக்கினு நின்னல்ல, நானும் அப்படித்தான் நின்னேன். பத்து நாளா. ஒங்க வீட்டுல இருந்து யாரோ பந்தலுக்குப் போறாங்களாமேன்னு அந்த மேனேஜரு தெனம் கூப்ட்டுக் கேக்குறாரு. ஏசி ரூம்புல வெச்சு, பிஸ்கட்டு குடுத்து, சிரிச்சிக்கினே கேக்குறாரு.

— நீ என்ன சொன்ன?

— யாரும் போவலன்னு சொன்னேன்.

— நாளைக்கு நான் போயி சொல்றேன். எம்பத்தேழுன்னு எழுதிக்கோன்னு. அதுக்கு முன்னாடி செம்மல் வீட்டுக்குப் போறேன். நகரு, செருப்பு அந்தாண்ட கெடக்குது.

— அங்க போவாத அண்ணி. எம் மேல சத்தியமா போவாத. நோட்ட அவரு குடுக்கல.

— அவன் குடுக்கலன்னா வேற யாருடி குடுத்தா? அவன்கிட்ட போன அந்த ஒரு நாளத் தவிர, அது நம்ம வீட்டு அரிசி டின்னு மேலயேதான கெடந்துச்சு?

— ஒம் பேரு இருக்கான்னு மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் மூணு தடவ பாத்தேன் அண்ணி. இல்லன்னு தெரிஞ்ச அப்புறந்தான் போட்டோ எடுத்தேன்.