கிளாரிக்கு நான் எடுத்துக் கொடுத்த பேன்ட்கள்

பேன்ட் வாங்க வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் நின்றபடியே போட்டுப் பார்க்கிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நிற்பான், பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பான், வயிற்றை உள்ளே இழுப்பான், சரி என்பான். மலையில் யார் நின்றுகொண்டிருக்கப் போகிறார்கள்? குந்தவேண்டும், தவழவேண்டும், பாறையில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு மறுகால் எங்கே என்று தேடவேண்டும். அதனால் என் கடையில் எல்லாரையும் குந்தச் சொல்வேன். உங்கள் அப்பாவையும் குந்தச் சொன்னேன், சார்ஜென்ட். அவரைத் திரும்ப எழுப்ப நானும் கிளாரியும் ஆளுக்கொரு கை கொடுத்தோம். அன்றைக்கு அவர் பேன்ட் வாங்கவில்லை. தூண்டில் வாங்கிக்கொண்டு போனார்.

தேநீருக்கு நன்றி. கேள்விக்கு வருகிறேன். கிளாரியின் உடலை ஹெலிகாப்டர்காரர்கள் எடுத்தபோது அவன் சட்டை, பனியன் எல்லாம் நனைந்திருக்க, பேன்ட் மட்டும் ஏன் உலர்ந்திருந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பேன்ட்டைப் பற்றிய கேள்வியை இந்த ஹோகிடிகா ஊரில் என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

நம் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததல்ல. என் மாமா சிறுபிள்ளையாக இருந்தபோது கொடியில் போட்ட சட்டை உலர்ந்து கைக்கு வந்தபோது அவருக்கு அது பத்தவில்லை, மீசை முளைத்திருந்தது. இப்படிப்பட்ட மலையில் வரையாட்டுக் கிடாவைத் தேடிப் போகிறவனின் பேன்ட் கனக்கக் கூடாது. தண்ணீரை உள்ளே விடக்கூடாது. நடந்தால் சத்தம் வரக்கூடாது. முள்ளில் கிழியக்கூடாது. நான்கும் ஒன்றாக அமைந்த பேன்ட் அபூர்வம். மூன்று இருக்கும், நாலாவது இருக்காது. எது இல்லாவிட்டால் இந்த ஆளுக்குப் பரவாயில்லை என்று பார்த்து எடுத்துக் கொடுப்பதில்தான் கடைக்காரனின் கைப்பழக்கம் இருக்கிறது.

கிளாரிக்கு எல்லாப் பேன்ட்டும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அவன் பேன்ட் போடுகிற ஆளே இல்லை. நம் பழைய ஆட்களைப் போலக் கம்பளி உள்ளாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, அதற்குமேல் அரைக்கால்சட்டை மாட்டிக்கொண்டுதான் மலையேறுவான். மர அறுவை ஆலையில் வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான். துணி குறைவு, நனைவதும் குறைவு. கம்பளி ஈரத்திலும் சூடு கொடுக்கும். உண்மையைச் சொன்னால் இந்த மலைகளுக்கு அதைவிட நல்ல யோசனை இன்றுவரை எவனும் கண்டுபிடிக்கவில்லை.

"நம்ம ஊர்ல மலைக்கு பேன்ட் போட்டுட்டுப் போறவன் ஒண்ணு டூரிஸ்ட்டா இருக்கணும், இல்ல பாதிரியாரா இருக்கணும்" என்பான்.

"உன் முட்டி ரெண்டும் துருப்பிடிச்ச கீல் மாதிரி கத்துதுடா. மூடி வச்சா கிடாவுக்காவது நிம்மதி" என்பேன் நான்.

அவன் மனைவி இறந்துபோன பிறகுதான் இந்தப் பேச்செல்லாம். மகள் லொரேன் கடல் தாண்டி ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருக்கிறாள். வீட்டின் பின்பக்கம் அப்பாவுக்காக ஓர் அறை கட்டினாள், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் வைத்து. வாரா வாரம் கூப்பிட்டாள். கிளாரி ஒரு நாள் கடையில், ரப்பர் பூட்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே சொன்னான்:

"ஒரே ஒரு கிடா, வின்ஸ். பிடரி மயிர் இடுப்பு வரைக்கும் தொங்கற மாதிரி ஒண்ணு. அதை அடிச்சிட்டேன்னா போதும், கொம்பைத் தூக்கிட்டு பிரிஸ்பேன் போயிருவேன்."

"அடிக்கலேன்னா?"

"அடிக்காம எப்படிடா போறது? கையை வீசிட்டா?"

அவன் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அன்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அதன் மூடி அவன் உட்கார்ந்து உட்கார்ந்து ஒருபக்கம் குழிந்திருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன், சார்ஜென்ட். காலையில் கடையைத் திறந்தால் ஒருவன் வந்து, "என்ன, இன்னும் சாகலையா?" என்று கேட்பான். எனக்கு அவ்வளவுதான் குடும்பம்.

அந்தக் குளிர்காலத்துக்கு அவனுக்கு ஒரு பேன்ட் எடுத்துக் கொடுத்தேன். இலேசானது, சொட்டு நீர் இறங்காதது, எதிலும் கிழியாதது. சத்தம் மட்டும் வரும். இரண்டு தொடையும் உரசினால் சரக் சரக்கென்று, யாரோ காகிதப்பையில் உருளைக்கிழங்கு வறுவலைத் தேடுகிற மாதிரி. பக்கத்துப் பள்ளத்தாக்கின் கிடாக்கள்கூட எழுந்து போய்விட்டன. மலைக்கிளிகள் அந்தச் சத்தத்தைக் கற்றுக்கொண்டு தம் குஞ்சுகளுக்கும் சொல்லிக்கொடுத்தன. இன்றைக்கும் வேட்டைக்காரர்கள் தங்குகிற மேல் குடிலில் படுத்திருந்தால் கூரைமேல் கிளாரி நடப்பது கேட்கும்.

அடுத்த வருஷம் சத்தமே இல்லாத கெட்டிக் கம்பளிப் பேன்ட். தண்ணீரை மட்டும் குடிக்கும். ஆற்றைக் கடந்தபோது பாதி ஆற்றை அது குடித்துவிட்டது, நாங்கள் கால் நனையாமல் கரையேறினோம். கிளாரியால் அப்புறம் மேலே ஏற முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் பட்டுப்போல மெலிந்த ஒன்று. ஈட்டிப்புல்லுக்குள் புகுந்து வெளியே வந்தபோது இடுப்புப் பட்டையும் பொத்தானும் மிச்சம். கிடா எதிரே நின்று அவனைப் பார்த்தது. ஓடவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டது. இவன் வெட்கத்தில் சுட மறந்தான்.

ஊர் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். "டேய், நீ எனக்கு பேன்ட் விக்கிறியா, இல்ல கிடாவுக்கு வேவு பாக்கிறியா?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்கி, லொரேனுக்குப் போன் போட்டு, "இந்த வருஷமும் இல்லம்மா, அடுத்த வருஷம் பாப்போம்" என்று அவன் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்று அவனுக்கு பீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கிடாக்களைக் கேட்டால் என்னைப் பாராட்டும்.

இந்த வருஷம் அவன் நேராக வந்து கேட்டான். "வின்ஸ், எனக்கு எழுபத்தேழாச்சு. இனிமே ஏற முடியாது. இதுதான் கடைசி. நீ போட்டுக்கறதை எனக்குக் குடு."

என்னிடம் நான்கு குணமும் கூடிய பேன்ட் மூன்று இருந்தது. இறகு போல இலேசு, பூனை போல சத்தமற்றது. துணிமேல் ஏதோ பூச்சு, அதில் மழைத்துளி விழுந்தால் முத்துமுத்தாக உருண்டு ஓடும். நண்பன் கேட்கும்போது இல்லையென்று சொல்ல முடியுமா? ஒன்று நான் போட்டுக்கொள்வது, ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். குந்தச் சொன்னேன், குந்தினான். கால் நீளம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. மடித்துத் தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

தைத்தேன். பிறகு துவைத்தேன்.

அந்தத் துணியைச் சாதாரண சோப்புத்தூளில் போடக்கூடாது. துணியை மிருதுவாக்க ஊற்றுகிற வாசனைத் தண்ணீரை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அதை ஊற்றினால் பூச்சின் மேல் எண்ணெய் போலப் படிந்துகொள்ளும், பிறகு மழை உருண்டு ஓடாது, உள்ளே குடிபுகும். வாங்குகிறவர்கள் எல்லாரிடமும் இதைச் சொல்வேன், சொல்லாமல் பையைக் கொடுக்கமாட்டேன். இரண்டு முறை ஊற்றி அலசினேன். லாவண்டர்.

"என்னடா, என் பேன்ட் எங்க அத்தை வீட்டு அலமாரி மாதிரி மணக்குது?" என்றான்.

"புதுத் துணி அப்படித்தான் மணக்கும்."

"கிடா என்னைப் பாத்து கண்ணடிக்கப் போகுது."

நான் கணக்குப் போட்டது இவ்வளவுதான். நனைவான், சிணுங்குவான், "போதும், திரும்பலாம்" என்பான். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். மூன்றாவது பேன்ட் என் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், உலர்ந்து இருந்தது. அவன் அந்த வார்த்தையைச் சொன்ன உடனே எடுத்துக் கொடுப்பதாக இருந்தேன்.

குடிலிலிருந்து மேலே ஏறும்போது மழை. புல்வெளி தாண்டியதும் மழையோடு பனியும். அவன் பேன்ட் தொடையோடு ஒட்டிக்கொண்டது தெரிந்தது. என் பேன்ட்மேல் துளிகள் உருண்டன. அவன் அதைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.

"உன்னுது நல்லா இருக்கே" என்றான்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "என்ன, திரும்பலாமா?"

"திரும்பறதா? கடைசி தடவைடா."

ஏறினோம். பல் தந்தியடித்தது அவனுக்கு. நான் காத்திருந்தேன். பிறகு மேட்டின் விளிம்பில் அது நின்றது, சார்ஜென்ட். என் வாழ்நாளில் பார்த்த கிடாக்களில் அதுதான் பெரியது. இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை. பிடரி மயிர் ஈரத்தில் கனத்துத் தொங்கியது, எங்களைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது. சத்தம் கேட்டால்தானே ஓடும்? அந்தப் பேன்ட்டில் சத்தம் வராத குணம் மட்டும் கெடவில்லை. கிளாரி துப்பாக்கியைத் தூக்கினான். குழல் இப்படியும் அப்படியும் ஆடியது. விசையில் விரலை வைக்கப் பார்த்தான், விரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வலது விரலை இடது கையால் பிடித்து உள்ளே வைக்கப் பார்த்தான். கிடா பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போயிற்று.

அவன் அழுவான் என்று நினைத்தேன். சிரித்தான். "பாத்தியா, எவ்ளோ அழகு" என்றான்.

ஒரு பாறைக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. உட்கார வைத்தேன். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. நடுங்குகிறவனைப் பற்றிக் கவலைப்படாதே, நடுங்குவதை நிறுத்தியவனைப் பார்த்துப் பயப்படு என்று கடையில் நான் சொல்லாத வாரம் கிடையாது. அந்த நேரத்தில் பையைத் திறந்திருக்கலாம். கழுத்தில் தொங்கிய, ஹெலிகாப்டரை உதவிக்கு அழைக்கிற அபாயக் கருவியின் பொத்தானை அழுத்தியிருக்கலாம். அதை எப்போது அழுத்தினேன் என்று அந்தக் கருவியே உங்களுக்குச் சொல்லியிருக்கும். எனக்கு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

"வெயில் வந்துருச்சுடா, வின்ஸ்."

"வந்துருச்சு" என்றேன். பனி பெய்துகொண்டிருந்தது. "எந்திரி, குடிலுக்குப் போலாம்."

"நான் போகல."

"எங்க போகல?"

"எங்கயும் போகல. விடு."

"நிஜமாவா? எங்கயும்?"

"எங்கயும் போகலடா" என்றான். கோபமில்லை. குழந்தை மாதிரி சொன்னான்.

இத்தனை வருஷம் நான் கேட்கக் காத்திருந்ததை, பிரிஸ்பேனுக்கும் போகவில்லை என்பதை, அவனாகவே சொல்லிவிட்டான். எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது? சின்ன அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டேன். அடுத்த வருஷம் பேன்ட்டே வேண்டாம், உன் பழைய அரைக்கால்சட்டையே போதும் என்றேன். இத்தனை நாள் நான் செய்ததெல்லாம் சொன்னேன், சத்தம், கம்பளி, லாவண்டர், எல்லாம். அவன் திட்டுவான் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அப்புறம் பையைத் திறந்து நல்ல பேன்ட்டை எடுத்தேன். ஈரத்தை உருவி இதை மாட்டிவிட்டேன். முட்டி மடங்கவில்லை. அவன் முட்டி எப்போதும் அப்படித்தான் என்று நினைத்தேன். தேநீரைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

அவனை நனைந்த பேன்ட்டோடு விட்டுவிட்டு வந்திருக்கச் சொல்கிறீர்களா? அதனால்தான் உலர்ந்திருந்தது.

இல்லை, சார்ஜென்ட். நடக்க முடியாமல் அப்படிச் சொன்னான் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. டாக்டரும் அதையேதான் சொன்னார். நீங்கள் இருவரும் அந்தப் பாறைக்கு அடியில் இல்லை. நான் இரண்டு தடவை கேட்டேன்.

லொரேன் நேற்று வந்துவிட்டாள். கடைக்கும் வந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்பாவுக்கு நீங்கள் இருந்தது ஆறுதல் என்றாள். அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அவரைப் பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோகிறேன், வெள்ளிக்கிழமை விமானம் என்றாள். அதைக் கேட்ட பிறகு, நீங்கள் கூப்பிடாவிட்டாலும் நானே இங்கு வந்திருப்பேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பேன்ட்டைக் கெடுத்தவன் நான். நல்லதைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். கிளாரியைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், வக்கீல் வேண்டாம். அதற்குக் கீழே அவன் சொன்னதையும் அவன் சொன்னபடியே எழுதுங்கள்: எங்கயும் போகல. கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே இருக்கிறாள், சின்ன எழுத்து அவளுக்குத் தெரியாது.